ஷாங்காயா, சூச்சௌவா?

சீன நாட்டில் ஒரு நாள் மட்டும் தங்கும் வாய்ப்புக் கிட்டினால் எந்நகரைக் காண்போம்? மாணவ நண்பர்களே, ஆராய்வோம்.

1843ஆம் ஆண்டு அயல்நாட்டு வாணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகம் ஷாங்காய். இன்று அங்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 632 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய்க் கோபுரம் விண்ணளாவி நிற்கின்றது.

அங்கிருந்து விரைவு இரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சூச்சௌவை அடையலாம். கி.மு. 514இல் ஊ அரசின் தலைநகராக அமைந்த பழம்பதி அது. கால்வாய்களும் கற்பாலங்களும் அதற்கு அழகு செய்கின்றன. அதன் பழந்தோட்டங்கள் 1997இல் உலக மரபுச் செல்வங்களாக ஏற்கப்பட்டன.

கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் இளமையில் ஷாங்காயில் பயின்றார். கோடை விடுமுறையைச் சூச்சௌவில் கழித்தார். சிங்கப்பூரில் 1976இல் எழுந்த 52 மாடி ஓசிபிசி நிலையத்தை வடிவமைத்தவர் அவரே. பழந்தோட்டங்களின் அருகே, அவற்றோடு இயைந்து நிற்கும் சூச்சௌ அருங்காட்சியகத்தை 2006இல் உருவாக்கியவரும் அவரே. இரு நகர்களும் அவருக்கு ஆசான்களாயின.

வானுயர் மாடிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே, ஒரு நாளே உண்டெனின் சூச்சௌவையே தேர்வோம். புதியன படைக்க விரும்புவோர் பழையன போற்றவும் கற்றல் வேண்டுமன்றோ?