வெள்ளைத் தளமும் வெப்பக் கதிர்வீச்சும்

மாணவர்களே! கோடையில் கதிரவன் மறைந்து மூன்று மணி நேரமான பின்பும், கான்கிரீட் தளமிட்ட வீட்டின் மாடியறையில் புழுக்கம் தணிவதில்லை. மின்விசிறி சுழன்றாலும் தலைக்கு மேலிருந்து அனல் இறங்குகிறது. இதற்குக் காரணம் என்ன?

பகலெல்லாம் வெயிலை உட்கவர்ந்த தளம், அவ்வெப்பத்தை மெல்ல மெல்லக் கீழ்ப்புறத்துக்குக் கடத்துகிறது. சூடேறிய கீழ்ப்புறம் அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்கிறது. கதிர்வீச்சுக்கு ஊடகம் தேவையில்லை; ஆகவே விசிறியின் காற்று அதைத் தடுப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்டீபன்-போல்ட்ஸ்மான் விதிப்படி, கரும்பொருளின் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தோலையும் தளத்தையும் கரும்பொருள்களாகவே கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு, 34° செ. உள்ள தோல் சுமார் 504 வாட் உமிழ்கிறது. தளம் 27° செ.-இல் 459 வாட்டும், 40° செ.-இல் 544 வாட்டும் உமிழும். முதல் நிலையில் தோல் வெப்பத்தை இழக்கிறது; இரண்டாவதில் பெறுகிறது!

எனவேதான் மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘கருமையான பரப்பு நன்கு உமிழும், வெண்மையான பரப்பு குறைவாக உமிழும்’ என்று படித்திருக்கிறோம். அப்படியானால் வெள்ளைத் தளம் இரவில் வெப்பத்தை வெளிவிடாமல் வைத்துக்கொள்ளுமா?

இல்லை. சூரிய ஆற்றலின் பெரும்பகுதி 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. தளம் உமிழ்வதோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய கதிர்கள். சுண்ணாம்பு முன்னதற்கு வெண்மை. பின்னதற்கு ஏறத்தாழக் கருமை! அதன் உமிழ்திறன் சுமார் 0.9. பளபளக்கும் அலுமினியத்துக்கோ இது 0.1-க்கும் குறைவு. வெயிலில் அது உட்கவரும் சிறிதளவு வெப்பத்தையும் கதிர்வீச்சால் எளிதில் வெளிவிடாது.

பளபளப்புக்கு ஏற்ற இடம் கூரையின் அடிப்புறம். ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே காற்றிடைவெளி விட்டு அலுமினியத் தாளைப் பொருத்தினால், அறைக்குள் இறங்கும் கதிர்வீச்சு பெரிதும் குறையும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள, பளபளப்பான இரு தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசி உலர விடுங்கள். பெரியவர் துணையுடன் இரண்டிலும் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடி, காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். வெள்ளை டப்பாவே முதலில் ஆறும். கொதிநீர் நிரப்பிய கனசதுரத்தைக் கொண்டு ஜான் லெஸ்லி செய்து, 1804-இல் வெளியிட்ட சோதனைகளும் இவ்வகையினவே.

இனி நீங்களே சிந்தியுங்கள்: சுண்ணாம்புத் தளத்தில் புழுதி படிந்தால், பகலில் ஏற்படும் மாற்றம் என்ன? இரவில் என்ன?