கடைசி வயலிலிருந்து எழுதுங்கள்

சிறுபோகத்தில் ஒரு நாள் சொறிக்கல்முனைப் பக்கத்து வயல்வெளியில் போய் நின்று பாருங்கள். இங்கினியாகலை அணையில் எத்தனை அங்குலம் திறந்தார்கள் என்று வரம்பில் நிற்பவர் கேட்கமாட்டார். "நம்மட வட்டைக்குத் தண்ணி வந்திட்டா?" என்றுதான் கேட்பார். நீர்ப்பாசனம், கமநலம், வனம், கடற்றொழில் என்று இயற்கை வளத்தைக் கையாளும் எந்தத் திணைக்களத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தாலும், உங்கள் செயலாற்றுகை அறிக்கை பதில் சொல்ல வேண்டியது இந்த மாதிரிக் கேள்விக்குத்தான்.

காலாண்டு மீளாய்வுக் கூட்டத்துக்கு வரும் தாளில் வழமையாக இருப்பது வேறு. நிதி முன்னேற்றம் இத்தனை வீதம், பௌதீக முன்னேற்றம் இத்தனை வீதம், துப்புரவு செய்த வாய்க்கால் இத்தனை கிலோமீற்றர். இவை செய்த வேலையின் கணக்கு. அந்த வேலையால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கணக்கு. இரண்டையும் பிரித்தறிவதே இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கல்லோயா தந்த பாடம்

கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் சுமார் 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும். அப்படியிருந்தும் 1970களின் இறுதியில் கல்லோயா இடதுகரையின் கடைசி வயல்கள் சிறுபோகத்தில் காய்ந்தன. வாய்க்கால்கள் உடைந்து கிடந்தன, மேற்பகுதி அளவுக்கு மிஞ்சி எடுத்தது. 1980களில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் அமைப்பாளர்களை விவசாயிகளிடையே அனுப்பின. வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகள் குழுக்களானார்கள்.

1997 சிறுபோகத்தில் அந்தக் குழுக்களுக்குச் சோதனை வந்தது. இடதுகரையின் 65,000 ஏக்கரில் நெல் செய்யக் குளத்தில் தண்ணீர் போதாது என்று திணைக்களம் முடிவுசெய்தது. விவசாய அமைப்புகள் இருந்த தண்ணீரை முறைவைத்துப் பகிர்ந்தன. வழமையை விஞ்சிய விளைச்சல் கிடைத்தது. போர்க்காலத்தில், மேற்பகுதிச் சிங்கள விவசாயிகளும் கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளும் அந்தத் தண்ணீரைப் பங்கிட்டார்கள். ஆய்வாளர்களான நோர்மன் அப்ஹோஃபும் விஜயரத்னவும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது. குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் அளந்தவர்களுக்கு, பங்கீடு என்ற மற்றப் பாதி தெரியவில்லை.

செய்ய வேண்டியவை

1. குறிகாட்டி மூன்று போதும். நீர்ப்பாசனத்தில் என்றால்: ஏக்கருக்கு எத்தனை அடி தண்ணீர் போனது. கடைசி வயலுக்கு முறை நாளிலிருந்து எத்தனை நாள் பிந்தி வந்தது. ஏக்கருக்கு விளைச்சல் எவ்வளவு. முப்பது குறிகாட்டி வைத்தால் ஒன்றையும் ஒழுங்காக அளக்கமாட்டீர்கள்.

2. சராசரியை நம்பாதீர்கள். 1,000 ஏக்கருக்கு 5,000 ஏக்கர் அடி விட்டால் ஏக்கருக்கு 5 அடி என்று தாளில் அழகாக இருக்கும். மேல்பாதி 7 அடி எடுத்து, கீழ்ப்பாதி 3 அடியோடு காய்ந்தாலும் சராசரி அதே 5தான். ஆகவே மேல், நடு, கடைசி என மூன்று நிரலில் எழுதுங்கள்.

3. அளவு பிறக்கும் இடத்துக்குப் போங்கள். துருசடியில் நீர்மட்டம் காட்டும் அளவுப்பலகையைக் கையால் துடைத்துப் பாருங்கள். எண்களைப் பாசி மூடியிருந்தால், அலுவலகத்தில் நாள்தோறும் பதியப்படும் அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிவரும். வட்டை விதானையாரிடம் முறைத் திகதி குறித்த கொப்பி இருந்தால், அதையும் உங்கள் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

4. தவறிய இலக்கை முதல் பக்கத்தில் எழுதுங்கள். மழை பொய்த்ததா, கட்டு உடைந்ததா, நிதி பிந்தியதா? காரணத்தையும் அடுத்த போகத்துக்கான திருத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டப்படி செயலாற்றுகையும் கணக்காய்வுக்கு உட்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விவசாயியும் அதே எண்ணைக் கேட்கலாம். நீங்களே முதலில் சொன்ன குறை உங்கள் நேர்மைக்குச் சாட்சியாகும். மற்றவர் கண்டுபிடித்தால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

5. அறிக்கையை வயலுக்குத் திருப்பிக் கொடுங்கள். கொழும்புக்கு அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அந்த மூன்று நிரலையும் தமிழில் வாசியுங்கள். பிழையான எண்ணை அங்கேயே யாராவது திருத்துவார்கள். அதைவிட நல்ல சரிபார்ப்பு இல்லை.

நாளைக்கே தொடங்க ஒரு பயிற்சி. உங்கள் பிரிவின் கடைசித் துருசு எது? அதன் கீழ் எத்தனை ஏக்கர்? போன சிறுபோகத்தில் அங்கே முதல் தண்ணீர் வந்த திகதி என்ன? கோப்பைத் திறக்காமல் மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால், உங்கள் அறிக்கையில் பாதி எழுதியாயிற்று. முடியாவிட்டால் காலையிலேயே வாய்க்கால் கட்டோடு நடக்கத் தொடங்குங்கள்.