பிள்ளைகளோடு மலைக்காட்டில் மூன்று நாள்

மடுத் திருவிழாக் காலத்திற் காட்டிற் கொட்டில் போட்டு, கல்லடுப்பிற் சமைத்து, பல நாள் தங்கிப் பழகிய எமது குடும்பங்களுக்குக் காடு புதிய இடமன்று. ஆயினும் மடு சமதரை. தண்ணீரும் கடையும் வைத்திய உதவியும் கோயில் வளவை அண்டியே கிடைக்கும். தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோருமாகச் சுமையை முதுகிற் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் மலைக்காட்டினூடே நடப்பது வேறு காரியம். இதில் ஆசை கொண்ட பெற்றோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு: யாருடைய வேகத்தில் நடப்பது? மற்றவை யாவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

எமது நாட்டின் நக்கிள்ஸ் மலைத்தொடரை உதாரணமாக எடுப்போம். கண்டி, மாத்தளை மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் இம்மலைகள் தூரத்திலிருந்து பார்ப்போருக்கு மடக்கிய கையின் முட்டிகள் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இப்பெயரை இட்டனர். உயர்ந்த சிகரம் 1,900 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, பாசி மூடி, முகிலுக்குள் நிற்கும். முற்காலத்தில் இக்காட்டு நிழலில் ஏலம் பயிரிட்டார்கள். 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காடுகளோடு இதுவும் உலக மரபுரிமைத் தலமாயிற்று. உள்ளே செல்ல வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறவேண்டும். அவ்வூர் வழிகாட்டி ஒருவரையும் கூட்டிக்கொள்வதே புத்தி. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளி மலைநாட்டிற் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. ஆகையால் பழைய படத்தையோ முன்பு போய்வந்தவரின் சொல்லையோ நம்பிப் புறப்படலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் பகுதியானால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மார்கழி விடுமுறை இம்மலையின் கிழக்குச் சரிவுக்கு ஏற்றதன்று. அது வடகீழ்ப் பருவமழைக் காலம். ஆவணியே நல்லது.

இனி வேகத்துக்கு வருவோம். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவிற் கூறினால், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். இதன்படி 300 மீற்றர் ஏற்றமுள்ள 6 கிலோமீற்றர் பாதைக்கு ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம் செல்லும். ஆனால் இது திடமான வளர்ந்தவருக்குரிய கணக்கு. எட்டு வயதுப் பிள்ளை கூட வந்தால் அதை இரட்டிப்பாக்கி, ஆறுதலுக்கும் சாப்பாட்டுக்கும் தனியே நேரம் சேர்க்கவேண்டும். அப்போது அந்த 6 கிலோமீற்றரே ஒரு நாளின் பெரும்பகுதியை எடுத்துவிடும். எமது நாட்டில் அந்திப்பொழுது குறுகியது. மரநிழலுக்குள் ஐந்தரை மணிக்கே கண் தெரியாது. ஆகவே நான்கு மணிக்குக் கூடாரம் அடித்து முடித்திருக்க வேண்டும். பிந்தினால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் வீட்டிலிருந்தே தீர்மானித்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மலையில் வைத்துத் தீர்மானிக்கத் தொடங்கினால் தகப்பனின் ரோசம் குறுக்கே நிற்கும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சந்தானே" என்பது அவர் வாயிலிருந்துதான் பெரும்பாலும் வரும். தாய்மார் மெல்லத் திரும்புவோம் என்றால், அது பயத்தினால் அல்ல, பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது.

வளர்ந்தவர் ஒருவர் முன்னே, அவருக்குப் பின்னே சின்னவர், கடைசியில் மற்றொரு வளர்ந்தவர் என்பதே நடக்கும் ஒழுங்கு. சின்னவர் பின்னே தள்ளப்பட்டால், மற்றவர்கள் நின்று இளைப்பாறும் இடத்துக்கு அவர் வந்து சேரும்போது அவர்கள் எழும்பிவிடுவார்கள்; ஆறுதல் மிகவும் தேவையானவருக்கு ஆறுதலே இராது. பிள்ளையின் சுமை அதன் நிறையிற் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தனது தண்ணீர்ப் போத்தல், உலர்ந்த சட்டை, ஒரு விசில் போதும். வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே ஒரு மரத்தடியில் நின்று, மும்மூன்று முறையாக விசில் ஊதும்படி பழக்குங்கள். கத்தும் குரலைவிட விசில் தூரம் கேட்கும், பிள்ளையும் களைக்காது.

பனி பெய்யாத நாட்டிற் குளிரால் என்ன ஆகும் என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகைக்கு மேல் குறைகிறது. 1,500 மீற்றரில் நனைந்த உடுப்போடு காற்றுப் பட்டால் சிறு உடல் விரைவிற் சூட்டை இழக்கும். முதலில் நடுக்கம் வரும். பின்பு பிள்ளை சிணுங்கும், தடுக்கி விழும், பேச்சுக் குழறும். இதைக் குழப்படி என்று ஏசுகிற பெற்றோர் உண்டு. உடனே நின்று, ஈர உடுப்பைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, போர்வையால் மூடி, தாயின் உடலோடு அணைத்து வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சுடுபானம் கொடுக்கவேண்டும். அன்றைய நடை அத்தோடு முடிந்தது. இதற்காகவே ஒரு சோடி உடுப்பைப் பொலித்தீன் பையிற் கட்டி, எக்காரணத்துக்கும் அவிழ்க்காமல் வைத்திருப்பது நல்லது.

ஓடைகளில் இன்னும் கவனம் வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், கரையேறுங்கள். பிள்ளையின் முழங்காலுக்கு மேலே ஓடும் நீரைக் கடத்த முயலவேண்டாம். மழை விட்டபின் சிற்றோடைகள் பெரும்பாலும் விரைவில் வடியும், காத்திருக்கலாம். கூடாரத்தையும் ஓடைக்கரையில் அடிக்கக்கூடாது. குடிநீரை நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள்.

அட்டைக்குப் பிள்ளைகள் அலறுவார்கள், ஆனால் அதனால் உயிராபத்தில்லை. உப்போ சவர்க்காரமோ பட்டால் விழும். கடிவாயைக் கழுவி அழுத்திப் பிடிக்கலாம். பாம்பு கடித்தால் வெட்டவும் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாது தூக்கி இறக்கி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கவேண்டும். மலையிற் பல இடங்களில் தொலைபேசி எடுபடாது. ஆகையால் போகும் பாதையையும் திரும்பும் நாளையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டே வெளிக்கிடுங்கள்.

வீடு திரும்பியபின் இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் தசைநோவும் கண்டால், சாதாரண தடிமன் காய்ச்சல் என்று விடாமல், காட்டோடையில் இறங்கி நடந்ததை வைத்தியருக்குச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொடங்கும். நேரத்தோடு மருந்து கொடுத்தால் மாறும்.