நாய்க்குட்டிகளுக்கு முதல் தடுப்பூசிகள்

கமலை போய் மின்சார மோட்டார் வந்த பிறகும், களத்தில் குவித்த நெல்லையும், கொட்டிலில் கட்டிய மாட்டையும், வயலில் மடக்கிய ஆட்டுக்கிடையையும் இரவு முழுவதும் காத்து வருவது நாயே. ஆயினும், கன்றுக்குட்டி ஒருநாள் கழிந்தால் அன்றே கால்நடை மருந்தகத்தை நாடும் குடியானவர், நாய்க்குட்டி இரத்தமாகக் கழிந்து மடிந்தால் அதன் விதி அவ்வளவே என்று விட்டுவிட்டு, அடுத்த மாதம் வேறொரு குட்டியைக் கொண்டுவருகிறார். அதுவும் அநேகமாக அதே வழியே போகிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய உயர்ந்த ஜாதிக் குட்டிகளைப் பெரும் பணம் கொடுத்து வாங்குவோர் சற்று மேல். அவர்கள் ஓர் ஊசியாவது போட்டுவிடுகின்றனர். ஆனால் அந்த ஓர் ஊசியோடு காரியம் முடிந்துவிட்டதென்று நினைப்பதே குட்டிகள் பல மடிவதற்குக் காரணமாகின்றது.

ஊசியினால் தடுக்கக்கூடிய வியாதிகளுள் நம் கிராமங்களில் முக்கியமானவை பார்வோ, டிஸ்டெம்பர், தொற்றுக் கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல், வெறிநோய் என்பன. பார்வோ என்பது குடலைத் தாக்கி, வாந்தியும் நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் உண்டாக்கி, இரண்டு மூன்று தினங்களில் குட்டியைக் கொன்றுவிடக்கூடியது. டிஸ்டெம்பரில் கண்ணிலும் மூக்கிலும் சளி வடிதலும் காய்ச்சலும் முதலிற் கண்டு, பின்னர் வலிப்பு வரக்கூடும். பிழைத்த நாய்க்கும் தசை துடிக்கும் ஊனம் சில சமயம் நின்றுவிடும். எலிக்காய்ச்சல், எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவுவது; நெல் வயலில் வெறுங்காலோடு நிற்கும் மனிதரையும் பற்றுவது.

"பாட்டன் காலத்தில் நாய்க்கு யார் ஊசி போட்டார்?" என்று வினவுவோர் உண்டு. பாட்டன் காலத்தில் பார்வோ என்னும் இவ்வியாதியே இல்லை. 1978ஆம் ஆண்டில்தான் அது நாய்களிடையே புதிதாகக் கண்டறியப்பட்டு, இரண்டொரு வருஷங்களுக்குள் உலகமெங்கும் பரவியது. டிஸ்டெம்பரோ அக்காலத்திலும் இருந்தது. மடிந்த குட்டிகளை எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

ஒரே ஊசி போதாதது ஏன்?

பசு ஈன்றவுடன் கன்றுக்குச் சீம்பால் ஊட்டுவதன் அவசியத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாய்க்கும் அவ்வாறே. பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலின் வழியே, தாயின் உடலிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்து குட்டிக்கு வந்து சேருகின்றது. இச்சத்து சில வாரங்கள் குட்டியைக் காத்து, சிறிது சிறிதாகக் குறைந்து மறையும். ஆனால் அது நோயை எதிர்ப்பது போலவே ஊசி மருந்தையும் எதிர்த்து, அதனைப் பயனற்றதாக்கிவிடும். அன்றியும், நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்த பின்னும், ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவு சில நாள் எஞ்சி நிற்கும். அந்த நாள்களே குட்டிக்கு மிகவும் அபாயமானவை.

நாற்றங்காலில் தண்ணீர் ஆழமாக நிற்கும்போது முளைவிதையைத் தெளித்தால் விதை அழுகிப்போம். சேறு காய்ந்த பின் தெளித்தாலோ வெயில் கொல்லும், பறவை தின்னும். நாற்றங்காலின் தண்ணீரைக் கண்ணாற் காணலாம். குட்டியின் உடம்பில் தாயளித்த காப்பு எந்நாளில் வற்றுமென்பதை அவ்வாறு காண இயலாது. ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளுள்ளும் ஒன்றுக்கு 6 அல்லது 7 வாரத்திலும், மற்றொன்றுக்கு 12 வாரத்திற்கு மேலும் அது வற்றக்கூடும். ஆகையால்தான் ஒரே மருந்தைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் குத்துகின்றனர். ஏதேனும் ஒன்று தக்க தருணத்தில் விழவேண்டுமென்பதே நோக்கம், பலமூட்டுவதற்காக அன்று. எனவே, குட்டி 16 வாரத்தை எட்டியபின் போடப்படும் ஊசியே எல்லாவற்றினும் நம்பத்தக்கது. சோகம் யாதெனில், பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதனையே.

ஒருவர் 45 நாள் குட்டியை வாங்கி, முதல் ஊசியைப் போட்டு, ஐந்தாம் நாள் அதனை வாரச் சந்தைக்குத் தூக்கிச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் குட்டி இரத்தமாகக் கழிந்து மடிகின்றது. அவர் ஊர் முழுவதும் ஊசி பலிக்கவில்லை என்றே சொல்வார்; அவர் சொல்லைக் கேட்டுப் பத்துப்பேர் ஊசியே வேண்டாமென்று இருந்துவிடுவர். உண்மையில் அக்குட்டிக்கு ஊசி இன்னும் பற்றவேயில்லை.

தேதிகளைக் கணக்கிடும் முறை

பொங்கலன்று, அதாவது ஜனவரி 15ஆம் தேதி, பிறந்த குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வருஷத்தில் அதற்கு 8 வாரம் நிறைவது மார்ச் 12ஆம் தேதி, மாசிக் கடைசியில். அன்று பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றிற்கான கூட்டு ஊசியில் முதலாவது. 12 வாரம் நிறைவது ஏப்ரல் 9ஆம் தேதி, சித்திரைப் பிறப்புக்குச் சில நாள் முன்னர். அன்று கூட்டு ஊசியில் இரண்டாவதும், வெறிநோய்க்கான ஊசியும். 16 வாரம் மே 7ஆம் தேதி; அன்று மூன்றாவதும், வெறிநோய் ஊசியின் மறு தவணையும். எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் இத்தவணைகளில் இருமுறை சேர்த்துக் கொடுக்கப்படும். அக்கம்பக்கத்தில் பார்வோ கண்டிருந்தால், 6 வாரத்திலேயே தொடங்கி ஒரு தவணையை அதிகமாக்குவதுண்டு. தவணை ஒன்று சில நாள் தவறினால் கைவிடாது உடனே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் தமது அநுபவத்திற்கும் மருந்தின் வகைக்கும் ஏற்பச் சிறிது மாற்றுவாராயின், அவர் குறித்த தேதியே பிரமாணம்.

ஊசிக்கு முன்னரே குடற்புழு நீக்கம் ஆகவேண்டும். குட்டிகளுக்கு உருண்டைப் புழு தாயின் கருவிலேயே தொற்றுவதால், 2 வார வயது முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை, எடைக்கேற்ற மருந்து கொடுத்து வருவது முறை. இப்புழுவின் முட்டை மண்ணோடு குழந்தைகளின் வாயிற் சென்றால் கண்ணுக்கும் ஈரலுக்கும் கேடு.

ஊசி நாளில் எதிர்பார்க்கத்தக்கவை

மருத்துவர் முதலில் குட்டியின் எடையையும் உடற்சூட்டையும் பார்ப்பார். நாயின் இயல்பான சூடு மனிதனுடையதை விட அதிகம், சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். ஆதலால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யலாகாது. காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் ஊசியை ஒத்திவைப்பார். அதற்காக அவரோடு வாதிடுவது வீண். ஊசி, தோள்பட்டையருகே தளர்ந்த தோலினடியிற் குத்தப்படும். குட்டி ஒரு கணம் கத்தும், அவ்வளவே.

குத்தியபின் அரைமணி நேரமாவது மருந்தகத்திலேயே இருத்தல் நலம். மிக அரிதாகச் சில குட்டிகளுக்கு மருந்து ஒவ்வாமல், முகமும் கண்ணிமையும் வீங்குதல், உடல் தடித்தல், தொடர்ந்த வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை பெரும்பாலும் சில நிமிஷங்கள் முதல் சில மணி நேரத்திற்குள் காணும். இவற்றில் ஏதேனும் கண்டால் தாமதியாது திரும்பவும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து உண்டு.

மற்றபடி, அன்று மாலையும் மறுநாளும் குட்டி சோர்ந்து படுத்திருத்தல், சோறு குறைத்துண்ணுதல், இலேசான சுரம் ஆகியவை சாதாரணம். குத்திய இடத்தில் புளியங்கொட்டையளவு கட்டி தோன்றி, இரண்டொரு வாரத்தில் கரைவதும் உண்டு. அதன்மேல் சுண்ணாம்பு தடவுவதும், ஒத்தடம் கொடுப்பதும், மனிதர் உட்கொள்ளும் காய்ச்சல் மாத்திரையைக் குட்டிக்குக் கொடுப்பதும் கூடா. மூன்றாம் நாளும் சோர்வு நீங்காவிடினும், இரத்தமாகக் கழிந்தாலும், அதனை ஊசியின் மேல் ஏற்றிவிட்டு வீட்டில் வைத்திருக்கலாகாது. முன்னரே தொற்றியிருந்த வியாதி அப்போது வெளிப்பட்டிருக்கக்கூடும்.

மருந்தைப் பட்டணத்துக் கடையில் வாங்கி, வெயிலில் பையிலிட்டுக் கொணர்ந்து, ஊரில் ஊசி குத்தப் பழகிய ஒருவரைக் கொண்டு போடுவிக்கும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. இம்மருந்துகள் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியிலேயே இருக்கவேண்டியவை. சூடுபட்ட மருந்தும் குழாய்த் தண்ணீரும் ஒன்றே. போட்டதாக நம்பி ஏமாறுவதுதான் மிச்சம்.

கடைசித் தவணைக்குப் பின் இரண்டு வாரம் வரை குட்டியைச் சந்தைக்கும், பிற நாய்கள் மலங்கழிக்கும் இடங்களுக்கும் கொண்டுசெல்லலாகாது. பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிரோடிருக்கும். செருப்பில் ஒட்டியும் வரும். குட்டி மடிந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுதல் வேண்டும். ஊசித் தவணைகள் முடியாத வேறு குட்டியை அவ்விடத்தில் விடலாகாது.

வெறிநோய்

மற்ற வியாதிகளால் நஷ்டமாவது குட்டி. வெறிநோயால் நஷ்டமாவது வீட்டுப் பிள்ளை. வெறிநாய் கடித்த எருதும் பசுவும், குறிகள் தோன்றியபின் மீள்வதில்லை, மனிதரும் அவ்வாறே. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெறிநாய் கடித்த சிறுவனொருவனுக்கு முதன்முதல் ஊசி போட்டுக் காத்தார். தென்னிந்தியாவில் 1907ஆம் ஆண்டில் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் ஏற்பட்டது. வயிற்றிலே நாள்தோறும் குத்திய பழைய ஊசி 2005க்குள் கைவிடப்பட்டுவிட்டது. அதை நினைத்து இன்றும் அஞ்சி ஒளிப்போர் வீணாக உயிரை இழக்கின்றனர்.

மூன்று மாதம் நிறையாத குட்டிக்கும் வெறிநோய் வரக்கூடும். சிறு குட்டிதானே கடித்தது என்று விடுவது பெரும் பிழை. கடித்த, கீறிய இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு ஒன்றும் வைக்காமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருப்பது, மனிதர் மருத்துவரிடம் போகாதிருப்பதற்குக் காரணமாகாது.

ஓர் ஊரின் நாய்களில் 100க்கு 70க்குக் குறையாமல் ஊசி போட்டு வந்தால் நாய்களிடையே வெறிநோயின் பரவல் அறுந்துபோகும். வளர்ப்பு நாய்க்கு மட்டும் போட்டுத் தெருநாயை விட்டுவிட்டால் இக்கணக்கு எட்டாது. 2023ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் செய்விக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் வைத்திருக்கின்றன. ஊராட்சித் தலைவர்கள், தெருவாரியாக நாய்களை எண்ணிப் பட்டியல் எழுதிக் கால்நடை உதவி மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்தால், அதற்கேற்ற மருந்தைத் தருவித்து ஒரே நாளில் முகாம் நடத்துவது எளிதாகும்.

ஊசி போட்டவுடன் தேதியும் மருந்தின் பெயரும் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருத்தல் வேண்டும். குட்டியை விற்கும்போது அட்டையும் அதனோடு போகவேண்டியது. கூட்டு ஊசி 6 மாதத்திலோ ஒரு வருஷத்திலோ மறுபடியும் ஒருமுறை போடப்படும். எலிக்காய்ச்சல் ஊசி வருஷந்தோறும் தேவை. வெறிநோய் ஊசிக்கு அடுத்த பொங்கல் கழிந்து சித்திரை வருமுன் அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.