ஏற்காட்டில் சீசனுக்கு முன் மெயில் சர்வரைப் பாருங்கள்

ஏற்காட்டில் கோடை விழா மே மாதம். அறை கேட்டு வரும் மெயில்கள் அதற்கு முன்பே குவியும். விடுதியின் பதில் விருந்தினருக்குப் போய்ச் சேராவிட்டால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். அந்த சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் லாகைப் படிக்கப் பழகுங்கள்.

"ஆத்தென்டிகேஷன் ஃபெயில்" என்று ரிசப்ஷனிலிருந்து போன் வரும். அது இரண்டில் எது என்று கேளுங்கள். ஊழியரால் லாகின் செய்ய முடியவில்லையா, அனுப்பிய மெயில் திரும்பி வந்ததா?

லாகின் என்றால் லாகில் எண்ணைத் தேடுங்கள். 535 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 454 என்றால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சேவையே பதில் தரவில்லை. மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டவ்காட் நின்றிருக்கும். அப்போது எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் பலன் இல்லை. ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய மெஷின், மின்வெட்டுக்குப் பின் தவறான தேதியோடு எழும். சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று அதிலுள்ள மெயில் ஆப் மறுத்துவிடும்.

திரும்பி வந்த மெயிலில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப். (எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டி.கே.ஐ.எம். (மெயிலில் இடும் கையொப்பம்) கட்டாயம், நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் இரண்டும் வேண்டும், இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். சிறிய விடுதியானாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். 550 5.7.26 என்று வந்தால், அனுப்பியவர் யாரென்று ஜிமெயிலால் உறுதி செய்ய முடியவில்லை என்று பொருள்.

நான் முதலில் சந்தேகிப்பது புக்கிங் சாஃப்ட்வேரைத்தான். அது விடுதியின் பெயரில், தன் சொந்த சர்வரிலிருந்து அனுப்புகிறது. எஸ்.பி.எஃப். பாஸ் ஆகும், ஆனால் அந்தக் கம்பெனியின் டொமைனுக்கு. விருந்தினர் காணும் அனுப்புநர் முகவரி உங்கள் டொமைன். இரண்டும் பொருந்தாததால் டிமார்க் தோற்கும். உங்கள் டொமைனிலேயே டி.கே.ஐ.எம். கையொப்பம் இடும்படி அந்தக் கம்பெனியிடம் கேளுங்கள். அவர்கள் தரும் ரெக்கார்டை டி.என்.எஸ்ஸில் சேர்த்தால் தீர்ந்தது. பழைய எஸ்.பி.எஃப். வரியை வைத்துக்கொண்டே புதிதாக இன்னொன்று சேர்ப்பவர்கள் நிறைய. ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அந்த ஒரு வரியும் 10 டி.என்.எஸ். தேடல்களைத் தாண்டக் கூடாது.

பத்து அறை விடுதிக்குச் சொந்த சர்வர் வேண்டாம் என்பது என் கருத்து. மலையில் கரண்டும் லைனும் போகும் நாளில் மெயிலும் நிற்கும். முதலாளியிடம் அதை எடுத்துச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

சர்வர் எங்கிருந்தாலும், டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே 'நிராகரி' என்று வைக்காதீர்கள். முதலில் அறிக்கை மட்டும் வரும்படி வைத்து, உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று சில வாரம் பாருங்கள். ஏப்ரலுக்குள் இதை முடித்துவிடுங்கள். மே மாதத்தில் டி.என்.எஸ்ஸைத் தொட வேண்டாம்.