டார்வினை விட்டுவிடு, மருமகன்

கொச்சிக்கடை,
கொழும்பு 13.

அன்பு மருமகனுக்கு,

உன் பயணத் திட்டத்தை இரண்டு தரம் வாசித்தேன். மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருந்து டார்வினுக்கு எட்டு நாளில் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். போ, ஆனால் டார்வினை விட்டுவிட்டு, வழியில் உள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸோடு பயணத்தை முடி.

பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை எங்கள் நாட்டின் நீளம் 430 கிலோமீற்றர் சொச்சம். அடிலெய்டில் இருந்து டார்வின் 3,000க்கு மேல். இடையில் உலுறு மலைக்குத் திரும்பிப் போய்வர இன்னும் 500. எட்டு நாளுக்குப் பங்கிட்டுப் பார். நாள் தவறாமல் இலங்கையை ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓடவேண்டி வரும். பிறகு எதைப் பார்ப்பது?

அங்கே மெதுவாகப் போவது உயிருக்கும் நல்லது. பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காருகள் றோட்டுக்கு வரும். நாலு மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிடு. 53 மீற்றர் நீளமான ‘ரோட் ட்ரெயின்’ லொறிகள் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி. அவற்றால் சட்டென்று பிரேக் பிடிக்க முடியாது. பெற்றோல் செட்டுகளுக்கிடையே 200, 250 கிலோமீற்றர் வெறும் வெளியாகக் கிடக்கும், பல இடங்களில் போனுக்கு சிக்னலும் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்குப் 10 லீற்றர் தண்ணீர் வை. வண்டி பழுதானால் அதை விட்டு ஒருவரும் நடந்து போகக்கூடாது. வண்டியைத்தான் தேடுபவர்கள் முதலில் காண்பார்கள். கிரவல் பாதையில் இறங்குமுன் வாடகை ஒப்பந்தத்தைப் படி, பெரும்பாலும் அதற்கு இன்சூரன்ஸ் கிடைக்காது.

கூபர் பீடியில் இரண்டு இரவு தங்கு. ஓபல் தோண்டும் அந்த ஊரில் வெயிலுக்கு அஞ்சி மனிதர் நிலத்துக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். பாறையைக் குடைந்த கத்தோலிக்கக் கோவிலும் உண்டு. அம்மாவை அங்கே கட்டாயம் கூட்டிப்போ. எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் நெரிசலிலேயே செபித்துப் பழகியவள், அந்த அமைதியில் கொஞ்சநேரம் இருக்கட்டும்.

அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ரயில் வந்தது 1929இல்தான். அதற்கு முன் மா, சீனி, தந்திக்கம்பி எல்லாம் ஒட்டகத்தில் போயின. 1860இல் கராச்சியில் இருந்து 24 ஒட்டகங்கள் மெல்பேர்ணில் வந்து இறங்கின. பிறகு ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். ஓட்டியவர்களில் பலர் பெசாவர், பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஆட்கள். எங்கள் பக்கத்து மனிதர் கால்நடையாகச் சரக்கு கொண்டுபோன வழி அது என்று பிள்ளைகளுக்குச் சொல். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வெறும் நிலம் என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது. அவனுக்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே அங்கு சனங்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்.

உலுறுவில் ஏற முடியாதே என்று கவலைப்பட்டிருந்தாய். அந்த நிலம் அனங்கு என்ற பூர்வகுடி மக்களுடையது. 2019 ஒக்டோபர் 26 முதல் ஏறுவது நின்றுவிட்டது. நாங்கள் சிவனொளிபாதத்தில் ஏறிக் கும்பிடுகிறோம், அவர்கள் அந்த மலையில் ஏறாமல் மதிக்கிறார்கள். அடிவாரத்தைச் சுற்றி ஏறக்குறைய 10 கிலோமீற்றர் நடைபாதை இருக்கிறது. விடியற்காலையில் முடிந்த தூரம் நட.

ஜூன் 13 அந்தோனியார் திருநாள் முடியப் புறப்படு. அப்போது அங்கே குளிர்காலம். இரவில் பூச்சியம் பாகை வரை இறங்கும், அம்மாவுக்குக் கம்பளி எடு.

அவளுடைய பிரஷர் குளிசைகளை இரண்டு கிழமைக்கு மேலதிகமாக வாங்கி வை. ‘பறக்கும் வைத்தியர்’ சேவையை 1928இல் விமானம் வைத்துத் தொடங்கியதே அங்கே வைத்தியரிடம் போகவேண்டிய தூரத்தால்தான். மாற்றிய திட்டத்தை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா