பழைய ஃபிரிட்ஜில் புகைக்கறி

இரும்பை ஊரைச் சுற்றியுள்ள பழைய இரும்புக் கடைகளில் ஓடாத ஃபிரிட்ஜ் சுலபமாகக் கிடைக்கும். அதை வாங்கிக் கோழியும் மீனும் புகை போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தாராளமாகப் போடலாம், ஆனால் அதை அடுப்பாக்கிவிடாதீர்கள். தீ வெளியே எரியட்டும். ஃபிரிட்ஜ் புகை தங்கும் அறையாக மட்டும் இருக்கட்டும். கறியை வேகவைத்த பிறகே உள்ளே தொங்கவிட வேண்டும்.

ஐரோப்பாவில் முப்பது டிகிரிக்குக் கீழே, பச்சைக் கறிக்கே நாள்கணக்கில் புகை காட்டுவார்கள். அந்தக் குளிர் அவர்களுக்கு உண்டு. மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளைகிற வெயிலில் நிழலில் வைத்த பெட்டிக்குள்ளேயே சூடு முப்பதைத் தாண்டிவிடும். ஐந்திலிருந்து அறுபது டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நமக்கு வழிகாட்டி மினிக்காய் தீவுதான். அங்கே சூரை மீனை உப்புநீரில் வேகவைத்து, தேங்காய் மட்டைப் புகை காட்டி, அப்புறம் வெயிலில் காயவைக்கிறார்கள். அதுதான் மாசி. வேகவைப்பது முதலில், புகை பிறகு. வெப்பமான ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

ஃபிரிட்ஜ் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். உள்சுவரில் ஒட்டினால் எனாமல் பூசிய இரும்பு. அப்படிப்பட்டது அகப்பட்டால் விடாதீர்கள். பெரும்பாலும் ஒட்டாது, பிளாஸ்டிக்தான் இருக்கும். அதற்குப் பின்னால் மஞ்சளாகப் பாலியூரித்தேன் நுரை. அது எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். ஆகவே பிளாஸ்டிக், நுரை, கதவு ரப்பர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிக்கூட்டுக்குள் எவர்சில்வர் தகடு அடித்துக்கொள்ளுங்கள். பழைய கம்பித் தட்டுகளில் என்ன முலாம் பூசியிருக்கிறது என்பது தெரியாது. அவையும் வேண்டாம், எவர்சில்வர் கம்பி போதும்.

கேஸ் குழாயை நீங்களே வெட்டாதீர்கள். ரொம்பப் பழைய பெட்டியில் ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-12 இருக்கலாம். புதியவற்றில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அது தீப்பிடிக்கும் வாயு. மெக்கானிக் கேஸை முறையாக எடுத்து, கம்ப்ரஸரையும் கழற்றித் தரட்டும். கதவில் தாழ்ப்பாள் இருந்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். பழைய ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடி மூச்சுமுட்டிக் குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற மாதிரி ஒரு சின்னக் காந்தப் பிடிப்பு போதும்.

தீ மூட்ட, மூடியோடு ஒரு சின்ன இரும்பு டிரம். அதிலிருந்து ஃபிரிட்ஜின் அடிப்பக்கத்துக்கு இரண்டு மீட்டர் இரும்புக் குழாய், லேசாக மேல்நோக்கிச் சாய்வாக. வழியிலேயே புகை ஆறி, தார் பாதி குழாயில் படிந்துவிடும். நாகமுலாம் பூசிய குழாயைத் தீயருகே வைக்கக் கூடாது. கொல்லையில் கிடக்கிற ஆஸ்பெஸ்டாஸ் பைப்பைத் தொடவே கூடாது. மேலே ஒரு புகைபோக்கி, அதற்கு ஒரு தொப்பி. தொப்பி இல்லாவிட்டால், பிற்பகலில் கடற்காற்று எழும்பும்போது புகை திரும்பி உள்ளே இறங்கும்.

விறகுக்கு நமக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கர்கள் காசு கொடுத்து வாங்குகிற மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். வாசம் காரமானது, கொஞ்சம் போதும். எனக்குப் பிடித்தது கொய்யா; புளியும் நல்லது. முந்திரிக்கொட்டை ஓடு வேண்டாம், அதன் எண்ணெய் தோலையே புண்ணாக்கும். அரளி விஷம். பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் அறவே கூடாது.

கோழியை முந்தின இரவே ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அறுபது கிராம் மரக்காணம் கல்லுப்பு, நசுக்கிய மிளகு, இரண்டு பல் பூண்டு. ஃபிரிட்ஜில் (ஓடுகிற ஃபிரிட்ஜில்!) வைத்துக் காலையில் எடுத்து ஆவியில் வேகவையுங்கள். எலும்போரத்தில் எழுபத்து நான்கு டிகிரி காட்ட வேண்டும். அதற்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்குவது வீண்செலவே இல்லை. பிறகு மின்விசிறி முன்னால் வையுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுவார்கள். தோலைத் தொட்டால் ஈரம் விரலில் வரக் கூடாது. லேசாகப் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். ஈரத்தோலில் புகை கரியாகப் படிந்து கசக்கும். பிசுபிசுத்த தோலில் பனைவெல்லத்தின் நிறத்தில் ஏறும்.

புகைபோக்கியைப் பாருங்கள். மெல்லிய நீலப்புகை சரி. கண்ணை எரிக்கும் அடர்ந்த வெள்ளைப்புகை வந்தால் டிரம்முக்குக் காற்று போதவில்லை, அல்லது விறகு பச்சை. கறிக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். கொழுப்பு சொட்டிக் குழாய் வழியே தீயில் இறங்கி எரிந்தால் பென்சோபைரீன் என்கிற புற்றுநோய்ப் பொருள் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் புகையிட்ட கறிக்கு 2014 முதல் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. ஒன்றரை மணி நேரப் புகை தாராளம்.

இது உப்புக்கண்டம் மாதிரி பரணில் கட்டித் தொங்கவிடுகிற சரக்கில்லை. எடுத்ததும் ஆறவைத்து, ஓடுகிற ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். எலும்பை வீசாதீர்கள்; மிளகு ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் மழைநாளுக்கு அருமையாக இருக்கும்.